‘டெஸ்க்டாப்’ என்று விற்றால் டெபியன் பென்டிரைவ் பூட் ஆக வேண்டும்: ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம் போர்டு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம் சிப்களை வைத்து மேசைக் கணினிக்கான போர்டு தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றைத் தருவித்து இங்குள்ள கல்லூரி லேப்களுக்கும் அலுவலகங்களுக்கும் சப்ளை செய்யும் விற்பனையாளர்களுக்கும்,

உங்கள் விளம்பரத்தில் எட்டு கோர், 16 ஜிபி மெமரி, 4கே வீடியோ என்று இருக்கிறது. பக்கத்திலேயே ‘டெஸ்க்டாப்’ என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி வாங்கியவர் கையில் கடைசியில் இருப்பது, உங்கள் தளத்திலிருந்து மட்டுமே இறக்க முடிகிற ஓர் இமேஜ் (நிறுவத் தயாரான இயங்குதளக் கோப்பு), அதற்குள் பல ஆண்டு பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அந்தக் கெர்னலை விட்டால் வேறெதிலும் ஓடாத மூடிய கிராஃபிக்ஸ் டிரைவர். கொஞ்ச நாள் அப்டேட் வருகிறது. அடுத்த சிப்பை நீங்கள் அறிவித்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. போர்டு கெடவில்லை, ஆனால் பாதுகாப்பாக இணையத்தில் இணைக்க முடியாததாகிவிடுகிறது.

2025இல் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு எடுத்த முடிவு இதை ஊரறியச் செய்துவிட்டது. 25.10 பதிப்பு முதல் ரிஸ்க்-ஃபைவ் கணினியில் உபுண்டு ஓட வேண்டுமானால் ஆர்விஏ23 என்ற தரத்தில் சொல்லப்பட்ட கட்டளைகள் அனைத்தும் சிப்பில் இருக்க வேண்டும். அதுவரை கடைகளில் விற்ற ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளில் எங்களுக்குத் தெரிந்த எதுவும் அந்தத் தரத்தை எட்டவில்லை. அவை 24.04லேயே நின்றுவிட்டன. ஆர்விஏ23 அங்கீகரிக்கப்பட்டது 2024 அக்டோபரில். அதற்கு முன்பே வடிவமைத்த சிப்பில் அது இல்லாததைக் குற்றமாகச் சொல்ல மாட்டோம். ஆனால் வாங்குபவரிடம் இது எந்தத் தரத்து சிப், எதுவரை தாங்கும் என்று ஒரு வரி எழுதி வைக்க யார் தடுத்தார்கள்? நல்லவேளையாக டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பு கைவிடவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 64 பிட் ரிஸ்க்-ஃபைவை முதன்முறையாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. பழைய தரத்து சிப்களிலும் ஓடுகிறது. ஆனால் அது உங்கள் போர்டில் பூட் ஆவதற்கு நீங்கள் வழி விட வேண்டுமே.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) அல்லாத சிப்பை வைத்து மேசைக் கணினி செய்ய முடியுமா என்பது இன்று கேள்வியே இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 வந்தபோதே அது தீர்ந்துவிட்டது. ஆம்பியர் ஆல்ட்ரா போட்ட ஆர்ம் போர்டுகள் சாதாரண ஐஎஸ்ஓ கோப்பை எழுதிய பென்டிரைவிலிருந்து பூட் ஆகின்றன. மெமரியை ஸ்லாட்டில் செருகலாம், கிராஃபிக்ஸ் கார்டு போடலாம். சீனாவின் லூங்சன் 3ஏ6000 நான்கு கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ் சிப். கட்டளைத் தொகுப்பு முற்றிலும் அவர்களுடையது. அதன் போர்டில்கூட யூஇஎஃப்ஐ (பொதுத்தர பூட் ஃபர்ம்வேர்) இருக்கிறது, டிடிஆர்4 ஸ்லாட் இருக்கிறது, ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்கிறது. ராப்டர் நிறுவனத்தின் டாலோஸ் 2 போர்டு ஐபிஎம் பவர்9 சிப்பில் ஓடுகிறது. அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல் முழுக்கத் திறந்திருக்கிறது. விலை அதிகம் என்பது வேறு விஷயம். செய்யக்கூடிய வேலைதான் இது என்பதற்கு இவை போதும்.

உங்கள் போர்டில் என்ன நடக்கிறது? நான்கு கோர் ரிஸ்க்-ஃபைவ் போர்டு ஒன்று லேபுக்கு வந்து இறங்குகிறது என்று வையுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, டெபியன் நிறுவியை எழுதிய பென்டிரைவைச் செருகி, மின்சாரம் கொடுத்தால் எல்இடி எரியும். திரை கருப்பாகவே இருக்கும். போர்டின் எஸ்பிஐ ஃபிளாஷ் மெமரியில் நீங்கள் எழுதி அனுப்பிய யூ-பூட் என்ற பூட் நிரலுக்கு எச்டிஎம்ஐயில் எழுதத் தெரியாது. அது பேசுவதெல்லாம் சீரியல் போர்ட்டில்தான். அதைப் படிக்க யூஎஸ்பி-டிடிஎல் கேபிள் வேண்டும், அதுவும் 3.3 வோல்ட் கேபிளாக இருக்க வேண்டும். 5 வோல்ட் சிக்னல் கொடுத்தால் சிப்பின் பின் கெட்டுப்போகலாம். 40 பின் வரிசையில் 6 கிரவுண்டு, 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். கேபிளின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸோடு சேர வேண்டும். கேபிளின் சிவப்பு வயரை எதிலும் மாட்டக்கூடாது. வேகம் 115200.

அத்தனையும் சரியாகச் செய்தபின் சீரியலில் வருவது, டிவைஸ் ட்ரீ கோப்பு (போர்டில் எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) கிடைக்கவில்லை என்ற செய்தி. ஃபிளாஷில் இருக்கும் யூ-பூட் பழையது. புதிய இமேஜ் எதிர்பார்க்கும் கோப்புப் பெயர் அதற்குத் தெரியாது. ஒரே போர்டின் இரண்டு பதிப்புகளுக்கு இரண்டு டிவைஸ் ட்ரீ இருக்கும். மாற்றிக் கொடுத்தால் லினக்ஸ் எழுந்துவிடும், ஈதர்நெட் போர்ட் ஒன்று மட்டும் எழாது. கேபிள் கோளாறு என்று நினைத்து அதைப் போட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். தீர்வு, ஃபிளாஷைப் புதிதாக எழுதுவது. டிப் ஸ்விட்சை எஸ்டி கார்டுக்கு மாற்றி, உங்கள் இமேஜில் பூட் செய்து, எஸ்பிஎல் என்ற முதல்கட்ட பூட் கோப்பை ஒரு பகுதியிலும் ஓபன்-எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேரும் யூ-பூட்டும் சேர்ந்த கோப்பை இன்னொரு பகுதியிலும் எழுதி, ஸ்விட்சைத் திரும்ப ஃபிளாஷுக்கு மாற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாது. அப்போது ஸ்விட்சை யூ-ஆர்ட் நிலைக்கு மாற்றி, மீட்புக் கோப்பை எக்ஸ்-மோடம் வழியாக சீரியலில் அனுப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

இது ஒரு போர்டுக்கு. முப்பது இருக்கை உள்ள லேபுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை பார்க்கும் லேப் அசிஸ்டென்ட் விவரம் தெரிந்தவர்தான். பழைய இன்டெல் கணினியில் பென்டிரைவைச் செருகி எஃப்12 அழுத்தினால் அரை மணியில் முடிகிற வேலை, இங்கே சாலிடர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியதாகிறது. வித்தியாசம் பிராசசரில் இல்லை. எக்ஸ்86 போர்டில் எந்தெந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்பதை ஃபர்ம்வேரே ஏசிபிஐ அட்டவணையாகக் கெர்னலிடம் கொடுத்துவிடுகிறது. உங்கள் போர்டில் அந்த விவரம் இமேஜுக்குள் இருக்கிறது. அதனால்தான் போர்டுக்கு ஓர் இமேஜ், பதிப்புக்கு ஓர் இமேஜ். இதற்கெல்லாம் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். யூ-பூட்டே யூஇஎஃப்ஐ சேவைகளை வழங்கும். இபிபிஆர் என்ற வரையறை எழுதப்பட்டதே இதற்காகத்தான். சரியான டிவைஸ் ட்ரீயை ஃபிளாஷில் வைத்து, அதைக் கெர்னலிடம் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை ஓய்ந்துவிடும்.

அடுத்தது திரை. ராக்சிப் ஆர்கே3588 நல்ல ஆர்ம் சிப். நான்கு ஏ76 கோர், நான்கு ஏ55 கோர். 2022இலேயே அதன் போர்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அப்போது அவற்றோடு வந்த கெர்னல் 5.10, அதாவது 2020 டிசம்பரில் வெளியானது. அதன் மாலி ஜி610 கிராஃபிக்ஸுக்கான திறந்த டிரைவர் மெயின்லைன் லினக்ஸில் (எல்லோருக்கும் பொதுவான மூலக் கெர்னலில்) சேர்ந்தது 6.10இல், 2024 ஜூலையில். எச்டிஎம்ஐயில் படம் வரும் வசதி சேர்ந்தது 6.13இல், 2025 ஜனவரியில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் வாங்கியவர்கள் உங்கள் பழைய கெர்னலை விட்டு நகர வழியில்லாமல் இருந்தார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்து முடித்ததும் கொலாபொரா போன்ற வெளி நிறுவனத்தின் பொறியாளர்களும் தன்னார்வலர்களும்தான். ரிஸ்க்-ஃபைவ் சிப்கள் பலவற்றில் இருப்பது இமாஜினேஷனின் பவர்விஆர் கிராஃபிக்ஸ். அதற்கான திறந்த டிரைவர் 2024 மார்ச்சில் 6.8 கெர்னலில் வந்தபோது, அது ஆதரித்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பில் உள்ள ஒரு சிறு மாடலை மட்டுமே. டிரைவர் இல்லாவிட்டால் திரையில் ஜன்னல்களை வரைவதும் பிராசசரின் தலையில் விழுகிறது. கட்டளைகளை வரிசை மாறாமல் ஓட்டும் எளிய 1.5 கிகாஹெர்ட்ஸ் கோர்கள் அதைத் தாங்காது. பிரவுசரில் ஒரு பக்கம் திறப்பது பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேலை என்பதால் நான்கு கோர் எட்டாகிப் பயனில்லை. இது தெரிந்தும் விளம்பரத்தில் கோர் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள்.

பிசிஐ-இ ஸ்லாட் இருக்கிறதே, வெளி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்கிறீர்கள். போட்டால் மூன்று இடத்தில் முட்டுகிறது. கார்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ டிரைவர் எக்ஸ்86க்குக் கம்பைல் செய்யப்பட்டது. ஃபர்ம்வேரில் அதற்கான எமுலேட்டர் (ஒரு சிப்பின் நிரலை வேறு சிப்பில் ஓட்டும் நிரல்) இல்லாவிட்டால் கெர்னல் எழும்வரை திரை இருட்டு. இரண்டாவது, கார்டு கேட்கும் அளவுக்கு முகவரி இடத்தை சிப்பின் பிசிஐ-இ ஒதுக்காவிட்டால் ‘பார்’ ஒதுக்க இடமில்லை என்று கெர்னல் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு டிரைவர் ஒதுங்கிவிடும். மூன்றாவதுதான் மோசமானது. சில சிப்களில் பிசிஐ-இ வழியே போகும் தரவும் பிராசசரின் தற்காலிக மெமரியான கேஷில் உள்ள தரவும் தாமாக ஒத்துப்போவதில்லை. கார்டு கண்டறியப்படும், டெஸ்க்டாப்பும் வரும், சற்று நேரத்தில் படம் சிதறி உறைந்துபோகும். இதை எந்த டிரைவரும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. சிலிக்கானிலேயே சரியாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் புதிய கார்டுகளின் டிஸ்ப்ளே பகுதிக்கு ரிஸ்க்-ஃபைவ் கெர்னலுக்குள் தசமக் கணக்கு வசதி தேவைப்பட்டது, அது 6.10இல்தான் வந்தது. ஆகவே 6.1 அல்லது 6.6இல் நிற்கும் உங்கள் கெர்னலை வைத்துக்கொண்டு ‘எந்தக் கார்டும் போடலாம்’ என்று எழுதாதீர்கள்.

ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வெக்டர் கட்டளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் வெக்டர் 1.0 அங்கீகரிக்கப்பட்டது 2021இல். அதற்கு முந்தைய 0.7.1 வரைவை வைத்துச் செய்த சி910, சி920 கோர்கள் பல போர்டுகளில் விற்கப்பட்டன; 64 கோர் போட்ட பணிநிலையக் கணினி உட்பட. 1.0க்குக் கம்பைல் செய்த நிரல் அவற்றில் ஓடாது. விளம்பரத்திலோ ‘வெக்டர் உண்டு’ என்று மட்டும் இருக்கும். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வாளர்கள் கோஸ்ட்ரைட் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். சி910இன் சில வெக்டர் கட்டளைகள் மெய்நிகர் முகவரியைப் பார்க்காமல் நேரடியாக நிஜ மெமரியில் எழுதிவிடுகின்றன. சாதாரணப் பயனர் ஒருவர் கணினி முழுவதையும் கைப்பற்றலாம். சிப்பில் உள்ள பிழை என்பதால் அப்டேட்டில் திருத்த வழியில்லை, வெக்டரையே அணைக்க வேண்டும். பல மாணவர்கள் ஒரே கணினியில் லாகின் செய்யும் லேபில் இதைச் சொல்லாமல் விடுவது சின்னத் தவறல்ல.

ஆர்ம் போர்டு செய்வோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று மெமரிப் பக்க அளவு, அதாவது கெர்னல் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவு. ராஸ்பெர்ரி பை 5இல் கெர்னல் 16கே பக்கத்தோடு வருகிறது. வேகம் கொஞ்சம் கூடுகிறது, உண்மை. ஆனால் 4கே என்று நம்பிக் கம்பைல் செய்த நிரல்கள், குறிப்பாக ஜெ-மாலாக் என்ற மெமரி ஒதுக்கும் நிரலை உள்ளே வைத்திருப்பவை, பக்க அளவு ஒத்துவரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கான்ஃபிக் கோப்பில் கெர்னல்8 இமேஜைக் குறிப்பிட்டால் 4கேக்குத் திரும்பிவிடலாம். அந்த வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். அதே போர்டுக்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் மின்வழங்கி வேண்டும். 3 ஆம்பியர் சார்ஜரை மாட்டினால் யூஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர்தான் கிடைக்கும், யூஎஸ்பி எஸ்எஸ்டி நடுவில் அறுந்துபோகும். இதுவும் அவர்கள் ஆவணத்தில் இருக்கிறது. நீங்கள் விற்கும் போர்டுகளில் இந்த அளவுக்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? கடிகார பேட்டரி இல்லாத போர்டில் கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னால் போய்விடும். நேரம் சரியாகும்வரை பிரவுசர் எல்லாத் தளத்தையும் சான்றிதழ் பிழை என்று தடுக்கும். வாங்கியவர் இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போடுகிறார்.

இங்கே விற்பனை செய்வோருக்குத் தனியாகச் சில வார்த்தை. டெபியனில் இருக்கிற மென்பொருள் கிட்டத்தட்ட எல்லாம் அந்தந்த சிப்புக்குக் கம்பைல் ஆகி வந்துவிடுகிறது. லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, எதிலும் குறையில்லை. சிக்கல் மூலநிரல் இல்லாத இடத்தில். நம் அலுவலகங்களில் எங்கு திரும்பினாலும் இருக்கும் கேனான் எல்பிபி2900 பிரின்டருக்கு நிறுவனம் கொடுக்கும் லினக்ஸ் டிரைவர் எக்ஸ்86க்கு மட்டும்தான். ஆர்வலர்கள் எழுதிய மாற்று டிரைவர் உண்டு, இன்னும் முழுமையாகவில்லை. டெண்டர் போடவும் வரி தாக்கல் செய்யவும் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் பலவற்றின் மென்பொருளும் அப்படியே. பாக்ஸ்64 போன்ற எமுலேட்டரில் சாதாரண நிரல்களை ஓட்டலாம். பிரின்டர் டிரைவரையும் டோக்கனையும் அதில் ஓட்டிக் காட்டாமல் ஓடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எக்ஸ்86 மெமரியில் எழுதும் வரிசையைக் கறாராகக் காக்கும், ஆர்மும் ரிஸ்க்-ஃபைவும் அப்படிக் காப்பதில்லை. ஆப்பிள் அந்த வரிசையைக் காக்கும் வசதியை சிப்பிலேயே வைத்தது. அதனால்தான் எக்ஸ்86 நிரல்களை ஓட்டும் அதன் ரொசெட்டா வேகமாக ஓடுகிறது. அந்த வசதி இல்லாத சிப்பில் எமுலேட்டர் ஒன்று மெதுவாகும், இல்லையென்றால் எப்போதாவது தவறும்.

பெரிய நிறுவனங்களும் இங்கே தடுக்கி விழுந்திருக்கின்றன. குவால்காம் தன் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட்டுக்கான சிறு மேசைக் கணினியை 2024 அக்டோபரில் ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே சிப்பில் லினக்ஸ் மடிக்கணினி செய்ய முயன்ற ஜெர்மனியின் டக்சிடோ, ஒன்றரை ஆண்டு உழைப்புக்குப் பின் 2025 நவம்பரில் கைவிட்டது. லினக்ஸிலிருந்து பயாஸை அப்டேட் செய்ய வழி இல்லாதது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இரண்டு இடத்திலும் சிப்பின் வேகம் குறையவில்லை.

இதையெல்லாம் எழுதுவது உங்கள் போர்டுகள் வேண்டாம் என்பதற்காக அல்ல. சென்னை ஐஐடியில் 2014 முதல் சக்தி பிராசசர் வேலை நடக்கிறது. 2018இல் அந்த சிப் சண்டிகரில் 180 நானோமீட்டரில் அச்சானது. ரிஸ்க்-ஃபைவ் படிக்கும் மாணவர்கள் நம் கல்லூரிகளில் பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, காலையில் கம்பைல் செய்து, மாலையில் அதே கணினியில் ரிப்போர்ட் தட்டச்சு செய்யக்கூடிய ஒரு ரிஸ்க்-ஃபைவ் மேசைக் கணினி. அது இல்லாததால் எக்ஸ்86 கணினியில் கியூஎமு என்ற எமுலேட்டரைப் போட்டுப் படிக்கிறார்கள். உங்கள் போர்டு, பெட்டி, மின்வழங்கி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்த விலைக்குக் குறைவாகவே செகண்ட் ஹேண்டில் ஓர் ஆறாம் தலைமுறை ஐ5 கிடைக்கும்போது, எந்தத் துறைத்தலைவரிடம் போய் நாங்கள் இதை வாங்கச் சொல்வது?

எங்கள் கோரிக்கைகள் இவை. ‘டெஸ்க்டாப்’ என்று எழுதும் ஒவ்வொரு போர்டிலும் ஃபர்ம்வேரை ஃபிளாஷில் வைத்து, எச்டிஎம்ஐயிலும் யூஎஸ்பி கீபோர்டிலும் வேலை செய்யும் யூஇஎஃப்ஐ மெனுவோடு அனுப்புங்கள். டிவைஸ் ட்ரீயோ ஏசிபிஐயோ, எதுவானாலும் ஃபர்ம்வேர்தான் கொடுக்க வேண்டும். டெபியன் 13 நிறுவியை எந்த மாற்றமும் இல்லாமல் பென்டிரைவில் எழுதி, நிறுவி முடிக்கும்வரை சோதித்த பின்பே பெட்டியில் ‘டெஸ்க்டாப்’ என்று அச்சிடுங்கள். அதுவரை ‘டெவலப்மென்ட் போர்டு’ என்றே விற்றுக்கொள்ளுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை.

ஃபர்ம்வேர் அப்டேட் நடுவில் நின்றாலும் பழையதில் எழும்படி ஃபிளாஷில் இரண்டு பிரதி வையுங்கள். இங்கே கரண்ட் போகும்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அட்டவணை வெளியிடுங்கள்: டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ், வீடியோ டிகோட், வைஃபை, ஒலி, ஸ்லீப். எது எந்த மெயின்லைன் கெர்னலில் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தேதியோடு அதில் இருக்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்றால் ஆர்விஏ20, 22, 23இல் எது, வெக்டர் பதிப்பு எது என்பதும் கோர் எண்ணிக்கைக்கு அருகில் அதே அளவு எழுத்தில் வரட்டும். டிரைவரை மெயின்லைனுக்கு அனுப்பும் வேலைக்கு ஆள் வையுங்கள். அது முடியாதென்றால் சிப்பின் முழு ஆவணத்தையாவது ஒப்பந்தக் கையெழுத்து கேட்காமல் வெளியிடுங்கள், மற்றவர்கள் எழுதுவார்கள். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு, எந்த மாதம்வரை வரும் என்பதைப் பெட்டியிலேயே அச்சிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்று சொன்னால், நீங்கள் சோதித்த கார்டு மாடல், கெர்னல் பதிப்பு இரண்டையும் எழுதுங்கள்.

விற்பனையாளர்களிடம் கேட்பது: கல்லூரிக்குக் கொட்டேஷன் கொடுக்கும்போது மேலே சொன்ன அட்டவணையை அதோடு இணையுங்கள். மொத்த ஆர்டருக்கு முன் ஒரு போர்டைக் கொடுத்து, வாங்குபவரின் பிரின்டரிலும் டோக்கனிலும் சோதிக்க விடுங்கள். சோதனையில் தேறாவிட்டால் அந்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள்.

இப்போது நீங்கள் விற்றுக்கொண்டிருக்கும் மாடல்களுக்கான அட்டவணையிலிருந்தே தொடங்கலாம். அதற்குப் புதிய சிப் எதுவும் தேவையில்லை. வெளியிட்டால், அதில் உள்ளதை எங்கள் லேப்களில் ஒவ்வொன்றாகச் சோதித்து, சரியானதையும் தவறானதையும் பொதுவில் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
லேப்களில் லினக்ஸ் நிறுவிப் பராமரிப்போர்